ஒற்றுப்பிழை

நேற்றிரவு என் ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து ஒரு வாக்கியத்தை நீக்கினேன். ஒரே ஒரு வாக்கியம். அதை எழுதும் இடத்திற்கு வந்து சேர எனக்கு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. கண்டுபிடித்தவற்றைப் பற்றியே நாம் இங்கு எழுதுகிறோம். தவறவிட்டதைப் பற்றியும் ஒருமுறை எழுதினால் பின்னால் வரும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது. நீண்ட பதிவு. நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

என் ஆய்வுப்பொருளைக் கேட்போர் முதலில் வியப்பர், பிறகு சற்றே இரங்குவர். தமிழ்நாட்டில் பிறந்து, ஹைதராபாத்தில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நான், மொராக்கோவின் மொழியொன்றில் மெய்யெழுத்துகள் எவ்வளவு நேரம் நீள்கின்றன என்று அளந்துகொண்டிருக்கிறேன். "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று ஊரில் மாமா கேட்டார். ஆய்வுக்குழுக் கூட்டத்திலும் ஒருவர் ஏறத்தாழ அதையே, இன்னும் நாகரிகமான சொற்களில் கேட்டார். இருவருக்கும் நான் சொன்ன விடை ஒன்றுதான்: இரட்டை மெய்யைத் தாய்மொழியிலேயே கேட்டு வளர்ந்த செவி, தன் மொழி அனுமதிக்காத இடத்தில் அது வரும்போது கேட்குமா?

தெற்கு மொராக்கோவில் அகாதிர் நகரை அடுத்த சூஸ் சமவெளியிலும் அதன் இருபுறமும் எழும் அட்லஸ் மலைகளின் ஊர்களிலும் பேசப்படும் மொழி தஷல்ஹீத். பெர்பெர் மொழிகளுள் ஒன்று. பெர்பெர் என்பது வெளியார் இட்ட பெயர். அம்மக்கள் தம்மை இமாசிகன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 2011ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் அமாசிக் மொழியை அரபுக்கு அடுத்து மொராக்கோவின் ஆட்சிமொழியாக ஏற்றது. ஆனால் எழுத்து வழக்கு அதற்கு மிக முந்தியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவ்சால் என்னும் அறிஞர் தஷல்ஹீத்தில் சமயச் செய்யுள்களை அரபு எழுத்தில் இயற்றியிருக்கிறார். மெய் இரட்டிப்பதைக் காட்ட அரபு எழுத்தில் 'ஷத்தா' என்னும் சிறு குறி உண்டு. இன்று அங்கே வழங்கும் திஃபினாக் எழுத்தில் அதே எழுத்தை இருமுறை எழுதுகிறார்கள். நாம் புள்ளி வைக்கிறோம்.

தமிழர்க்கு இரட்டை மெய் புதிதன்று. புளி வேறு, புள்ளி வேறு. பனி வேறு, பன்னி வேறு. உருகு என்பது தன்வினை. உருக்கு என்று இரட்டித்தால் பிறவினை. தஷல்ஹீத்திலும் 'இமி' என்றால் வாய். 'இம்மி' என்றால் என் தாய். முதன்முறை இதைக் கேட்டபோது, வீட்டில் கேட்டுப் பழகிய ஏதோ ஒன்று இன்னொரு கண்டத்திலிருந்து திரும்பி வந்ததுபோல் இருந்தது.

அங்கும் இரட்டித்தல் இலக்கணத்தின் வேலையைச் செய்கிறது. 'க்தி' என்றால் நினை. தொடர்ந்து நிகழ்வதையோ வழக்கமாக நிகழ்வதையோ சொல்லும் வடிவத்தில் அது 'க்த்தி' ஆகிறது. 'ம்க்ர்' என்றால் அறுவடை செய். இங்குள்ள ககரம் 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் ககரம். அதே வடிவத்தில் அந்தக் ககரம் இரட்டிக்கிறது. 'க்ர்ஸ்' என்றால் உழு. அதன் இறுதி ஸகரத்தைக் குரல் அதிர்வோடு சொல்லவேண்டும். இங்கே இரட்டிப்பது முதல் ககரம். ஒரு சொல்லில் முதல் மெய்யும் இன்னொன்றில் இடை மெய்யும் ஏன் இரட்டிக்கின்றன? பிரான்சுவா டெல், முகம்மது எல்மெத்லாவி ஆகிய இருவரும் 1980களில் இதற்கு விடை கண்டனர். உயிரே இல்லாத சொற்களிலும் அசைகள் உண்டு. அசையின் தலைமையில் மெய்யே அமரலாம். அந்தத் தலைமைக்கு முன்நிற்கும் மெய்தான் இரட்டிக்கிறது. 'ம்க்ர்' என்பதில் ரகரமும் 'க்ர்ஸ்' என்பதிலும் ரகரமுமே தலைமை. முன்நிற்கும் ககரம் ஒன்றில் சொல்லின் நடுவிலும் மற்றொன்றில் தொடக்கத்திலும் இருக்கிறது. அவ்வளவுதான். 1993இல் உருவான உகப்புக் கோட்பாட்டை அலன் பிரின்சும் பால் ஸ்மொலென்ஸ்கியும் விளக்கத் தொடங்கியதே இம்மொழியின் அசைகளைக் கொண்டுதான். கோட்பாட்டு வகுப்பில் அமர்ந்த எந்த மாணவரும், அறிந்தோ அறியாமலோ, அட்லஸ் மலையடிவாரத்தின் சில வினைச்சொற்களைத் தேர்வில் எழுதியிருப்பார்.

நம் இலக்கணக் கண்ணால் பார்த்தால் இது திகைப்பூட்டும். தனி மெய் சொல்லுக்கு முதலாகாது, உயிரோடு கூடியே வரும் என்பது தொல்காப்பியம் முதல் நாம் கற்றது. தஷல்ஹீத்தில் தனி மெய் மட்டுமன்று, இரட்டித்த மெய்யும் சொல்லுக்கு முதலாகிறது. சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் அது வரும். என் ஆய்வு அந்த முதலிடத்தைப் பற்றியது. அங்கேதான் நான் வழுக்கினேன்.

இரு சொற்களைப் பாருங்கள். 'துத்' என்றால் அவள் அடித்தாள். 'த்துத்' என்றால் அவனை மற. (தமிழ் எழுத்தில் இதை எழுதும்போது கை கூசுகிறது, ஒற்றில் தொடங்கும் சொல்லை எழுதினால் என் தமிழாசிரியர் பிரம்பை எடுத்திருப்பார்.) இரண்டிற்கும் உள்ள வேறுபாடு முதல் தகரத்தின் நீளம் மட்டுமே.

இப்போது தகரம் எப்படிப் பிறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாநுனி பல்லை ஒட்டிக் காற்றை முற்றிலும் அடைக்கிறது, சிறிது நேரம் அப்படியே நிற்கிறது, பிறகு விடுகிறது. வெடிப்பு கேட்கிறது. குரல்நாண் அதிராத அடைப்பொலியில் அந்த அடைப்பு நேரம் முழுவதும் வெறும் அமைதி. இரு உயிர்களுக்கு நடுவே வந்தால் அந்த அமைதிக்கு இரு கரைகள் உண்டு. முன்னுயிர் நின்ற கணத்திலிருந்து வெடிப்பு வரை அளந்துவிடலாம். இரட்டை மெய்யில் அது ஏறத்தாழ இருமடங்கோ அதற்கு மேலோ நீள்கிறது. ஆனால் பேச்சின் தொடக்கத்திலேயே அந்தத் தகரம் வந்தால்? பேசுவதற்கு முன்னிருந்த அமைதியும் அடைப்பின் அமைதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒரு கரைதான் இருக்கிறது. ஆற்றின் அகலத்தை எப்படி அளப்பது? மகரத்திற்கோ ஸகரத்திற்கோ இந்தச் சிக்கல் இல்லை. அவை நீளும் நேரமெல்லாம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதிராத அடைப்பொலிக்கு மட்டும், தொடக்க இடத்தில் மட்டும் இந்தச் சிக்கல்.

எங்கள் வளாகத்தில் முதுகலை படிக்கும் மொராக்கோ நண்பர் ஒருவர் குரல் தர இசைந்தார். சூஸ் பகுதியைச் சேர்ந்தவர். பள்ளியில் அரபும் பிரெஞ்சும் படித்தவர்; வீட்டில் தாயோடு தஷல்ஹீத். ஒலிப்பதிவு அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க, ஒவ்வொரு சொல்லையும் பலமுறை சொன்னார். சொற்களைத் தனித்தனியாகவே பதிந்தேன். தனிச்சொல் தூய்மையானது, அளக்க எளிது என்று நினைத்தேன். பிறகு மாதக்கணக்கில் அந்த அலைவடிவங்களைத் திரையில் விரித்துவைத்துப் பார்த்தேன். 'துத்', 'த்துத்' இரண்டிலும் தொடக்கத்தில் ஒரு நேர்கோடு, பிறகு ஒரு வெடிப்பு, பிறகு உகரம். எத்தனை முறை கேட்டாலும் என் செவிக்கு இரண்டும் ஒன்றே.

ஆகவே எழுதினேன்: "பேச்சின் தொடக்கத்தில், குரலதிர்வற்ற அடைப்பொலிகளில் ஒற்றை, இரட்டை என்னும் வேறுபாடு இம்மொழியில் அழிந்துவிடுகிறது."

அழகான வாக்கியம். துறைக் கருத்தரங்கில் அதைத் திரையில் காட்டியபோது சிலர் குறிப்பெடுத்துக்கொண்டதையும் பார்த்தேன். பின்வரிசையில் நண்பர் அமர்ந்திருந்தார். அவர் எதையும் எழுதவில்லை.

கருத்தரங்கு முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது அவர் மெல்லக் கேட்டார்: "என் மொழியில் அது இல்லை என்கிறீர்களா?"

தரவு அப்படித்தான் காட்டுகிறது என்றேன். என்னை நானே காத்துக்கொள்ளும் அவசரத்தில், அவருடைய பதிவுகளையே கைப்பேசியில் போட்டு, எது எந்தச் சொல் என்று சொல்லச் சொன்னேன். சிலவற்றில் தயங்கினார். ஒன்றிரண்டைத் தவறாகவும் சொன்னார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்: "கேட்கும்போது நான் ஐயுறலாம். சொல்லும்போது நான் ஐயுறுவதே இல்லை."

பிறகு, "சொல்லைத் தனியாக யார் சொல்லுவார்கள்? இதைக் கேளுங்கள்" என்று, இரண்டு சொற்களுக்கும் முன்னால் 'இன்னா' என்பதைச் சேர்த்துச் சொன்னார். நமக்கு இன்னா என்றால் துன்பம்; அவர்களுக்கு 'அவன் சொன்னான்'. இன்னா துத். இன்னா த்துத். கடைக்கு முன்னால் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது, பால் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலிலும் என் தமிழ்ச் செவிக்கு இரண்டும் பளிச்சென்று வேறு வேறாகக் கேட்டன. இழந்த கரையை அந்த ஆகாரம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஏழாம் வகுப்பு. 'வேலை கொடு' என்றால் பணி கொடு. 'வேலைக் கொடு' என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கொடு. கரும்பலகையில் இரண்டையும் எழுதிவிட்டு ஆசிரியர் அந்த ஒரு ககர ஒற்றைச் சுற்றிச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். சொல்லின் தலையில் வரும் வல்லினம், முன்னால் ஒரு சொல் வந்து நின்றால்தான் நம் மொழியில் மிகுகிறது. அதை விட்டுவிட்டால் ஒற்றுப்பிழை. அரை மதிப்பெண் போகும். தஷல்ஹீத்தில் அந்த ஒற்று முன்சொல் தந்ததன்று, சொல்லிலேயே இருப்பது. முன்சொல் வந்தால் அது செவிக்கு எட்டுகிறது, அவ்வளவே. நானோ முன்சொல்லை எடுத்துவிட்டுப் பதிந்தேன். ஒற்றைக் காணவில்லை என்று எழுதினேன்.

இதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரஷீத் ரிதுவான் 2007இல் எழுதிய கட்டுரையை நான் முதலாண்டிலேயே படித்திருந்தேன். தஷல்ஹீத் இரட்டை மெய்களைப் பற்றிய அடிப்படை ஆய்வு அது. அவர் ஒலியை மட்டும் அளக்கவில்லை, நாவையும் அளந்தார். பேசுபவரின் மேலண்ணத்தில் ஒட்டும்படி மெல்லிய செயற்கை அண்ணம் ஒன்றைச் செய்து, அதில் மின்முனைகளைப் பதித்துவிடுவார்கள். நா எந்த இடத்தை, எந்தக் கணத்தில் தொடுகிறது, எப்போது விடுகிறது என்பதை அது பதிவுசெய்யும். அந்தப் பதிவுகளில், பேச்சின் தொடக்கத்திலும் இரட்டைத் தகரத்திற்கு நா நெடுநேரம் ஒட்டியே இருந்தது. கேட்பவர் செவிக்கு அந்த நேரம் எட்டாது. இருந்தும் நா அதைக் குறைத்துக்கொள்ளவில்லை.

சுவிட்சர்லாந்தின் துர்காவ் பகுதி ஜெர்மன் வழக்கிலும் இதையே 2008இல் அஸ்ட்ரிட் கிரேன்மானும் நம் நாட்டில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய அதிதி லாஹிரியும் காட்டினர். அங்கும் செவிக்கு எட்டாத வேறுபாட்டை நா காத்துவந்தது. தாய்லாந்தின் தெற்கே பேசப்படும் பட்டாணி மலாயில் ஆர்தர் ஏப்ரம்சன் கண்டது சற்று வேறு: அங்கே அடைப்பின் நீளம் கேட்காவிட்டாலும், பின்வரும் அசையின் உரப்பும் குரலின் ஏற்றமும் துணைக்கு வருகின்றன.

இவ்வளவையும் படித்திருந்தும் ஏன் அந்த வாக்கியத்தை எழுதினேன்? என் திரையில் இருந்த நேர்கோட்டை நான் அதிகம் நம்பினேன். அது நானே பதிந்தது, நானே அளந்தது. பிறர் எழுதியது படிப்பு, நான் அளந்தது உண்மை என்று ஒரு செருக்கு. ஒலிவாங்கி, நாவின் வேலையைப் பார்க்கும் கருவி அன்று. காற்றின் அசைவை மட்டும் பதியும் கருவி. அது பதியாததை மொழியில் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "வேறுபாடு செவிக்கு எட்டவில்லை" என்பது நான் கண்டது. "வேறுபாடு அழிந்துவிடுகிறது" என்பது நான் காணாதது. இரண்டிற்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு வினைமுற்றில் தாண்டிவிட்டேன்.

இந்த மொழிகளின் ஆய்வு வரலாற்றிலும் இப்படியொரு நீண்ட தடுமாற்றம் உண்டு. பிரெஞ்சு அறிஞர்கள் பலர் பெர்பெர் மெய்களைக் குறில், நெடில் என்று பிரிக்காமல் தளர்ந்தவை, இறுகியவை என்றே பிரித்தனர். அதற்குக் காரணம் இருந்தது. சில மெய்கள் இரட்டிக்கும்போது நீள்வதோடு நிற்பதில்லை, ஆளே மாறிவிடுகின்றன. 'ர்வ்ல்' என்றால் தப்பி ஓடு. அதன் வகரம் இரட்டிக்கும்போது இதழ் குவிந்த ககரமாகிறது. 'கொல்' என்னும் பொருளுடைய வினையில், அடித்தொண்டையருகே காற்று உரசிச் செல்லும் ஒலி, இரட்டிக்கும்போது முற்றிலும் அடைபடும் ஒலியாகிறது. இதை நீளம் என்று மட்டும் எப்படிச் சொல்வது என்பது அவர்கள் கேள்வி. தமிழர்க்கு இது புரியும். 'ஆகு' என்பதன் ககரத்தையும் 'ஆக்கு' என்பதன் ககரத்தையும் சொல்லிப் பாருங்கள். ஒன்று தளர்ந்து, குரலோடு கலந்து போகிறது. மற்றது இறுகி நிற்கிறது. இரண்டையும் ககரம் என்றே எழுதுகிறோம். வேறுபாட்டை ஒற்று பார்த்துக்கொள்கிறது. ரிதுவானின் அளவைகள் தஷல்ஹீத்தில் முதன்மையான அடையாளம் நீளமே என்று காட்டின. இரட்டை மெய்யின் வெடிப்பு வலுப்பதும் முன்னுயிர் குறுகுவதும் அதற்குத் துணை நிற்பவை. குரலதிர்வுள்ள இரட்டை மெய்களில் அதிர்வு நடுவிலேயே ஓய்ந்துபோவதும் உண்டு. நெடுநேரம் அடைத்த வாயில் காற்றழுத்தம் ஏறிவிட்டால், குரல்நாண்களின் வழியே காற்று மேலெழ முடியாது. நீளம் உடலிடம் விலை கேட்கிறது. அந்த விலையையும் பேசுபவர்கள் கொடுத்துவருகிறார்கள்.

மறுநாள் நெறியாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த இயலைத் திறந்து, வாக்கியத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நம் இலக்கணத்தில் இதற்கு மெய் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?" என்று கேட்டார். மெய் என்றால் உடல் என்றேன். "அப்படியானால் உடலைப் பார்க்காமல் ஏன் எழுதினாய்?" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எட்டு மாத உழைப்பு போனதே என்று வருந்தியவனுக்கு, ஒரு மறுபதிவுத் திட்டத்தைக் கையோடு எழுதிவரச் சொன்னார்.

என்னை இன்னும் உறுத்துவது மாதங்கள் போனதன்று. எங்கள் நூலகத்தில் தஷல்ஹீத்தைப் பற்றிய நூல்கள் மிகக் குறைவு. என் ஆய்வேடு அங்கே அடுக்கில் ஏறியிருக்கும். பத்தாண்டு கழித்து யாரோ ஒரு மாணவர், அம்மொழி பேசுவோர் ஒருவரையும் பார்க்காமலே, அந்த வாக்கியத்தை எடுத்தாண்டிருப்பார். ஒரு தாய் தன் மகனுக்குக் கற்பித்த வேறுபாடு, ஹைதராபாத்தில் ஓர் அறையில் 'இல்லை' ஆகியிருக்கும். பெரிய மொழிகளுக்கு இந்தத் தீங்கு நேராது. தமிழைப் பற்றி நான் தவறாக எழுதினால் மறுநாளே நூறு பேர் திருத்துவார்கள். தஷல்ஹீத் பேசுவோர் பல லட்சம் இருக்கிறார்கள். என் கருத்தரங்கில் இருந்தவர் ஒருவர். அவரும் அன்று பேசாமல் போயிருக்கலாம்.

நீக்கிய வாக்கியத்தின் இடத்தில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "பேச்சின் தொடக்கத்தில், குரலதிர்வற்ற அடைப்பொலிகளின் அடைப்பு நேரத்தை ஒலிப்பதிவைக் கொண்டு அளக்க இயலாது. நாவின் தொடுகையை அளந்த ஆய்வுகள் அவ்விடத்திலும் வேறுபாடு காக்கப்படுவதைக் காட்டுகின்றன." பழையதன் அழகு இதற்கு இல்லை. கருத்தரங்கில் காட்டினால் யாரும் குறிப்பெடுக்கமாட்டார்கள். இருக்கட்டும்.

மறுபதிவு அடுத்த வாரம் தொடங்குகிறது. இம்முறை எல்லாச் சொற்களுக்கும் முன்னால் 'இன்னா' வரும். தனிச்சொற்களும் இருக்கும், ஆனால் அவற்றைத் தனியே வைத்து. நண்பர் மறுபடியும் வர இசைந்திருக்கிறார். "இந்த முறை மின்விசிறி ஓடட்டுமே" என்றார். முடியாது என்றேன். சிரித்துவிட்டு, "அப்படியானால் பிரியாணி" என்றார்.

ஒரு வேண்டுகோள். என் தொடக்கக் கேள்விக்கு இன்னும் விடை இல்லை: தமிழ்ச் செவி சொல்முதல் இரட்டை மெய்யைக் கேட்குமா? ஒரு செவி, அதுவும் தவறாக எழுதிவிட்ட செவி, போதாது. ஹைதராபாத்தில் இருக்கும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பர்கள் அரைமணி நேரம் ஒதுக்க முடிந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். சொற்களைக் கேட்டு, ஒன்றா வேறா என்று பொத்தானை அழுத்தவேண்டும், மொழியியல் தெரிந்திருக்கவேண்டியதில்லை. தவறாக அழுத்தினால் மதிப்பெண் குறையாது. தேநீர் என் செலவு.